ஓவர்டிரைவ் கேக்கலை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர் ஓட்டுவேன், அதுவும் பத்து உதைக்குக் குறைந்து கிளம்பாத ஸ்கூட்டர். இப்பேர்ப்பட்டவனைக் கொண்டுபோய், நாற்பத்தைந்து வருஷத்துப் பழைய இங்கிலீஷ் காரின் வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும் காரியத்தில் நட்டநடுவே நிறுத்தினால் உருப்படுமா? நிறுத்தியவர் என் ஷட்டகர் ஜம்புநாதன். என் மனைவி விசாலத்தின் அக்கா சரசாவைக் கட்டியவர். தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஜனவரியில் ஆரம்பித்து எட்டு மாதம், அந்த ஓவர்டிரைவ் என்கிற சனியன் எங்கள் இரண்டு குடும்பத்தையும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது.

ஜம்புநாதனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். திருவானைக்காவல்காரர். எழுபத்தொன்பதில் புனேவுக்கு வந்து, போசரியில் கியர்பாக்ஸ் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். கடைசி பதினாறு வருஷமாக அவருக்கு அங்கே ஒரே அறை, ஒரே வேலை. சுவரெல்லாம் தக்கை ஒட்டிய அறை. செய்து முடித்த கியர்பாக்ஸை உள்ளே கொண்டுவந்து மோட்டாரில் மாட்டி ஓடவிடுவார்கள். இவர் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். சரி என்றால் லாரிக்கு, இல்லை என்றால் திரும்ப உள்ளே. அவர் இல்லை என்று சொன்னதைப் பிரித்துப் பார்த்தால் எங்காவது ஒரு பல் முனை மழுங்கியிருக்கும், அல்லது பேரிங்கில் ஒரு குண்டு கீறியிருக்கும். மராத்திக்காரர்கள் அவருக்குக் 'கான்வாலே' என்று பேர் வைத்திருந்தார்கள், காதுக்காரர் என்று. அவருடைய சோறு, மரியாதை எல்லாம் அந்தக் காதில்தான் இருந்தது.

வாய்க்கு அவரிடம் வேலையே கிடையாது. எனக்கோ வாய்தான் வேலை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். புனேவிலேயே, காட்கியில் பிறந்து வளர்ந்தவன். மராத்தி எனக்குத் தமிழைவிட வேகமாக வரும், சண்டை போடும்போது முக்கியமாக. ஜம்பு அண்ணாவுக்குப் பத்தொன்பது வருஷத்தில் வந்த மராத்தி காய்கறிக்காரனோடு தீர்ந்துபோகும். அதனால் எங்கள் பேட்டையான போபோடியில் அவர் எங்கே போய் எதைப் பேச வேண்டுமானாலும் நான் கூடப் போக வேண்டும். போனேன். எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள், எனக்கு ரத்தம் கொதிக்கும்.

கார் ஒரு வான்கார்ட். ஐம்பத்து மூன்றாம் வருஷத்து வண்டி. புனே கேம்ப் பகுதியில் ஒரு பார்சி அம்மாள் வீட்டுக் கொட்டகையில் கோழி குடியிருந்த நிலையில் அதை இவர் வாங்கி வந்தார். மாவுமில்லுக்குப் பக்கத்துச் சந்தில் தகரம் போட்டு நிறுத்தி, ஆறு வருஷம் வியாழக்கிழமை வியாழக்கிழமையாக உட்கார்ந்து ஓட வைத்தார். போசரியில் தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை வியாழன்தான். "ஞாயித்துக்கிழமை ஊரே சேர்ந்து எங்காவது போறது, இவருக்கு வியாழக்கிழமை ஒரு தகர டப்பா" என்று சரசாக்கா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அது ஓட ஆரம்பித்ததும் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள் அவள்தான்.

ஓவர்டிரைவ் என்றால் என்ன என்று எனக்கு நூறு தடவை விளக்கியிருக்கிறார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச். கடைசி கியரில் வேகமாகப் போகும்போது அதைத் தட்டினால், இன்ஜின் சுற்றுவது குறையும், ஆனால் வண்டியின் வேகம் குறையாது. இன்ஜின் இரைச்சல் ஒரு படி கீழே இறங்கும். அது விழுந்ததா இல்லையா என்று காட்ட அந்த வண்டியில் முள்ளும் இல்லை, விளக்கும் இல்லை. காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரிலேயே பெரிய காது இவருடையது, பிறகென்ன?

பொங்கல் கழிந்த வியாழக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பாஸ்கர், ஓவர்டிரைவ் கேக்கலை."

"என்னண்ணா சொல்றேள்? போன வாரம் நன்னா இருந்துதே?"

"தட்டித் தட்டிப் பாத்துட்டேன். ஒரு வாட்டி கூடக் கேக்கலை. கால்போர்கிட்ட போலாம், வா."

கால்போர் பழைய வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் அவனுக்கு ஒரு கொட்டகை. ராணுவத்தில் வண்டி பார்த்துவிட்டு வந்தவன். கை சுத்தம், நாக்கு நீளம். நான் அவனிடம் போய், ஜம்பு அண்ணா சொன்னதை அப்படியே மராத்தியில் எடுத்து வைத்தேன். "ஓவர்டிரைவ் ஐகத் நாஹி." பிரேக் கேட்கவில்லை, ஸ்டீயரிங் கேட்கவில்லை என்று நாம் சொல்வதில்லையா, அதுதான். சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. அவனும் தலையை ஆட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போனான்.

முதலில் ஒயர். ஒரு சின்ன பல்பை ஒயரில் கட்டிக்கொண்டு, இவரை சுவிட்சைத் தட்டச் சொன்னான். தட்டினார். அடியிலிருந்து கால்போர், பல்ப் எரிகிறது என்று கத்தினான். கரன்ட் போனால் உள்ளே ஒரு காந்தம் டக்கென்று இழுக்க வேண்டுமாம். ரயில் போகிற இரைச்சலில் தனக்குத் தெரியவில்லை, அந்த டக் வந்ததா என்று கேட்டான். நான் இவரைப் பார்த்தேன். இவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மறுபடி தட்டி, உதட்டைப் பிதுக்கினார். "கேக்கலை." நான் அப்போது வாசலில் டீக்கடைக்காரனோடு அவன் பெண்ணுக்கு ஒரு பாலிசி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். டக்காவது டிக்காவது, எனக்கு எங்கே நேரம்?

காந்தத்தை மாற்றினான். அடுத்த வியாழன், நாசிக் போகிற சாலையில் மோஷி வரை ஓட்டிப் பார்த்தோம். நான் பின் சீட்டில். தட்டினார், தலையைச் சாய்த்தார். "கேக்கலை."

அப்புறம் ஆயில். யாரோ எந்தக் காலத்திலோ கனமான ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள், அதற்குள் ஓவர்டிரைவ் மூச்சுத் திணறுகிறது என்று கால்போர் கண்டுபிடித்தான். எல்லாவற்றையும் வடித்து, சல்லடையைக் கழுவி, மெல்லிய ஆயிலை ஊற்றினான். ஓட்டிப் பார்த்து வந்த ஜம்பு அண்ணா நொந்துபோய்விட்டார். "முன்னாடி தட்டினா ஒரு உதறலாவது இருந்தது, பாஸ்கர். இப்போ அதுவும் போயிடுத்து. வெண்ணெய்ல கத்தி எறங்கறாப்ல இருக்கு, ஆனா ஒண்ணும் கேக்கலை."

அதை நான் மொழிபெயர்த்ததும் கால்போர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். வழவழவென்று விழுந்தால் நல்லதுதானே, பிறகு என்ன அழுகிறார் என்றான். எனக்கும் குழப்பம். விழவில்லை என்கிறார், விழுந்தால் வெண்ணெய் என்கிறார். இரண்டில் எது? ஆனால் எனக்குத்தான் கார் தெரியாதே! ஐகத் நாஹி என்றால் ஐகத் நாஹி, கழற்றிப் பார் என்று அதட்டினேன்.

கழற்றினான். மே மாத வெயிலில், வண்டியை நாலு கட்டையில் தூக்கி, மொத்தப் பெட்டியையும் இறக்கிப் பிரித்து மேஜைமேல் பரப்பினான். வால்வு, ஒரு மிளகு அளவு குண்டு, ஸ்பிரிங், வளையம். ஜம்பு அண்ணா ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அத்தனையும் பழுதில்லை. பழுதில்லாததைப் பார்த்து ஒரு மனுஷன் அவ்வளவு கலங்கி நான் கண்டதில்லை. திரும்ப மாட்டி, கால்போரே தனியாக ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தான். வாயெல்லாம் பல். "சாலு ஆஹே கீ, சாஹேப்! ஏக்தம் மஸ்த்!" வேலை செய்கிறதே, பிரமாதமாக இருக்கிறதே என்று குதித்தான். ஜம்பு அண்ணா சாவியை வாங்கிக்கொண்டு போனார். அரை மணியில் திரும்பினார். கேக்கலை.

வீட்டில் சரசாக்கா வேறு. "பக்கத்துல ஒக்காந்துண்டு இருக்கார், குக்கர் எட்டு விசில் அடிச்சாச்சு, எழுந்து அணைக்க மாட்டேங்கறார். சாதம் பசையாயிடுத்து. கேட்டா முழிக்கறார். புத்தியெல்லாம் அந்த எழவெடுத்த டப்பாக்குள்ளதான்." நாங்களும் சேர்ந்து சிரித்தோம். ஓவர்டிரைவ் பைத்தியம் என்று விசாலம் பேரே வைத்துவிட்டாள். அவரும் சிரித்தார். நாங்கள் சிரிக்கிறோமே என்று சிரித்தார் என்பது இப்போது தெரிகிறது.

ஜூலையில் ஒரு நாள், கொட்டும் மழையில், தகரக் கொட்டகைக்குள் காரில் உட்கார்ந்திருந்தபோது அவர் வாயிலிருந்து என்றும் வராத அளவுக்குப் பேச்சு வந்தது.

"பாஸ்கர், நன்னா யோசிச்சுப் பாத்துட்டேன். விழறதுன்னு கால்போர் சொல்றான். விழலைன்னு என் காது சொல்றது. ரெண்டும் நிஜமா இருக்க முடியாது. அவன் சொல்றது நிஜம்னா என் காது பொய். என் காது பொய்யினா நான் அந்த ரூமுக்குள்ள ஒரு நாள் கூட நிக்கப்படாது. புரியறதா?"

"அவன் காதுல எண்ணெயைக் காய்ச்சி ஊத்த. அவன்தான் புளுகறான் அண்ணா!" என்றேன் நான். வேறு என்ன சொல்வேன்? பதினாறு வருஷம் தப்பாத காது.

அடுத்த வாரமே கால்போரின் கொட்டகைக்குப் போய் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். பித்தலாட்டக்காரன், ராணுவத்திலிருந்து துரத்திவிட்டார்கள் போலிருக்கிறது, இன்னும் சில அச்சில் ஏற்ற முடியாதவை. அவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். பதிலுக்குக் கத்தவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போ, இனிமேல் இங்கே வராதே என்று மட்டும் சொன்னான். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மடையன்.

ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்த கணபதி பத்து நாளும் எங்கள் தெரு விழாக் கமிட்டியின் மைக் என் கையில்தான். ஆரத்திக்கு வா, வழி விடு, குழந்தையைக் காணோம், குழந்தை கிடைத்தது என்று கத்தினேன். பிள்ளையாரைக் கரைத்த மறுநாள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டாக்டர் ஒரு வாரம் பேசவே கூடாது என்றார். விசாலம் டாக்டருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னாள். அந்த வியாழக்கிழமை ஜம்பு அண்ணா வந்து, "பம்பாய்லேர்ந்து ஒரு புது வால்வு வரவழைச்சு நானே மாட்டியிருக்கேன். இதுதான் கடைசி. வரயா?" என்றார். பேச முடியாதவனுக்கு வீட்டில் என்ன வேலை, போனேன். இந்தத் தடவை முன் சீட்டில்.

போசரியைத் தாண்டி மோஷி சாலையில் வண்டி வேகம் எடுத்தது. அந்தக் காரில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை கூட அதன் சத்தத்தைக் கேட்டதில்லை. நான் பேசுகிற சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன். கடைசி கியர். இரைச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. அவர் சுவிட்சைத் தட்டினார்.

இரைச்சல் சட்டென்று ஒரு படி இறங்கியது. எனக்கே கேட்டது! கார் ஓட்டத் தெரியாத, ஸ்வரம் தெரியாத எனக்கு. மத்தியமத்திலிருந்து கீழே வந்ததா, பஞ்சமத்திலிருந்து வந்ததா தெரியாது, இறங்கியது. வேகம் அப்படியே. நான் சந்தோஷத்தில் துள்ளி அவர் பக்கம் திரும்பினேன். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி, மெதுவாக உதட்டைப் பிதுக்கினார்.

"கேக்கலை."

அவர் தோளைத் தட்டினேன். "விழுந்துது" என்றேன், காற்றாக. "என்ன?" என்றார். மறுபடி சொன்னேன். "என்ன?" பையிலிருந்து ஒரு பாலிசி விண்ணப்பத்தை எடுத்து, அதன் பின்பக்கம் கொட்டை எழுத்தில் 'சத்தம் இறங்கித்து' என்று எழுதி அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

படித்தார். வண்டியை ஓரங்கட்டவில்லை. பிறகு, கணக்குப் பரீட்சை வைப்பவர் மாதிரி நிதானமாக, "கண்ணை மூடிக்கோ. நான் தட்டுவேன். சத்தம் மாறும்போதெல்லாம் கையைத் தூக்கு" என்றார். மூடிக்கொண்டேன். இறங்கியதும் தூக்கினேன், ஏறியதும் தூக்கினேன். பத்து தடவை. பத்தும் சரி என்றார்.

"இப்போ நீ தட்டு. நான் சுவிட்சைப் பாக்க மாட்டேன். விரலைத் தூக்கறேன்."

கையை நீட்டித் தட்டினேன். இரைச்சல் இறங்கியது. அவர் விரல் ஸ்டீயரிங்கின் மேலேயே இருந்தது. திரும்பத் தட்டினேன். ஏறியது. விரல் அசையவில்லை. பிறகு நான் தட்டாமல் சும்மா இருந்தபோது விரலைத் தூக்கினார். தூக்கிவிட்டு, சரிதானா என்று குழந்தை பார்ப்பது போல் என்னைப் பார்த்தார். என் முகத்தை நான் மாற்றிக்கொள்வதற்குள் பார்த்துவிட்டார்.

ஓரமாக நிறுத்தினார். ஒரு லாரி ஹாரன் அடித்தபடி போயிற்று, அதற்குத் திரும்பினார். மேல் ஸ்தாயிச் சத்தங்களும், சத்தத்தின் சின்ன ஏற்ற இறக்கங்களும் காதிலிருந்து உதிர்ந்துவிட்டன, பேச்சை அவர் பாதி உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு டாக்டர் விளக்கினார். பிறகு அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். பிறகு நான் கால்போரின் கொட்டகை வாசலில் போய் நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று, அந்தச் சாலையோரத்தில், அவர் என்னிடம் கேட்டது வேறு.

"நான் மொதல் நாள்லேர்ந்து கேக்கலைன்னுதானே சொன்னேன்? சத்தம் மாறறது கேக்கலைன்னு. நீ அவன்கிட்ட என்ன சொன்னே?"

மராத்தியில் அதற்கு இரண்டு பேச்சு உண்டு. சொன்னதைக் கேட்காவிட்டால் 'ஐகத் நாஹி'. காதில் விழாவிட்டால் 'ஐகூ யேத் நாஹி'. தமிழில் இரண்டுக்கும் ஒரே கேக்கலை. இரண்டாவதை நான் சொல்லியிருந்தால், கால்போர் முதல் நாளே, விழுகிறதே சாஹேப், உங்கள் காதைக் காட்டுங்கள் என்று சொல்லியிருப்பான். மராத்தி எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று பீற்றிக்கொள்பவன் நான். எழுதிக் காட்டப் பேனாவை எடுத்தேன். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை.

"எட்டு மாசம்," என்றார். "பாஸ்கர், இந்த எட்டு மாசமா நான் பாஸ் பண்ணின பெட்டியெல்லாம்?"

வண்டியைத் திருப்பினார்.

வியாழக்கிழமை என்பதால் தொழிற்சாலை வெறிச்சென்று இருந்தது. வாட்ச்மேன் கான்வாலேவைப் பார்த்து சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தான். வெள்ளிக்கிழமை லாரிக்காகக் கொட்டகையில் கியர்பாக்ஸுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸால் ஒரு 'ஜ'. ஜம்புநாதன் கேட்டுச் சரி சொன்னதற்கு அடையாளம். அங்கே வேறு ஒருவனுக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் அது இல்லாமல் ஒரு பெட்டி வாசலைத் தாண்டாது. கைக்குட்டையை எடுத்து முதல் பெட்டியில் இருந்ததை அழித்தார். அடுத்தது. அதற்கடுத்தது. தாண்டிப் போன எட்டு மாதத்துப் பெட்டிகளை எங்கே போய் அழிப்பார்?

பின்னாலேயே போனேன். "அண்ணா, தப்பு என்னுது. நான்தான் அவன்கிட்ட மாத்திச் சொன்னேன்" என்றேன், தொண்டையில் இருந்த காற்றையெல்லாம் திரட்டி. அவர் திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். குனிந்து அடுத்த பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் என் கைக்குட்டையை எடுத்து, வரிசையின் மறுமுனையில் இருந்த பெட்டியில் கையை வைத்தேன். அது அவர் கண்ணில் பட்டுவிட்டது. வேகமாக நடந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ தொடாதே," என்றார். "நான் போட்டது."